ஐஸ் ஹாக்கி வீரரின் தொழில் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கி பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் உச்சியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: கோடிக்கணக்கான டாலர் சம்பளம், சாம்பியன் அணிக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை, ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி. ஆனால் இந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோர் உச்சிக்குக் கீழே உள்ள படிகளில்தான் தங்கள் இளமையைக் கழிக்கிறார்கள். ஏறுவதும் இறக்கப்படுவதும் மறுபடி ஏறுவதும்தான் அவர்களுடைய வேலை. அவர்களை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

எந்த வயதில் ஒருவர் தொழில்முறை வீரர் ஆகிறார்?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆட 18 வயது ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாதை பிரிந்துவிடுகிறது. சறுக்கக் கற்பது நான்கைந்து வயதில். கனடாவில் திறமையுள்ள பிள்ளைகள் பலர் 16 வயதில் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். அங்கே இளையோர் ஹாக்கியின் மேல்தட்டில் மூன்று லீகுகள் இருக்கின்றன: ஒன்டாரியோ லீக், மேற்கு லீக், கியூபெக் மாரிடைம்ஸ் லீக். தேர்ந்தெடுத்த அணி வேறு ஊரில் இருந்தால், அந்த ஊரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்க வேண்டும். பகலில் பள்ளி, மாலையில் பயிற்சி, வார இறுதியில் நீண்ட பஸ் பயணம். 15 வயதிலேயே இதற்குள் நுழையச் சிறப்பு அனுமதி பெற்றவர்கள் வெகு சிலர். ஜான் டவாரெஸ் 2005இல் முதலாவதாகப் பெற்றார். கானர் மெக்டேவிட் பின்னால் பெற்றார்.

அமெரிக்கக் கல்லூரி இன்னொரு வழி. கனடாவின் இந்த மூன்று லீகுகளில் ஆடியவர் அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழப்பார் என்பது நெடுங்கால விதி. 16 வயதுப் பிள்ளை, படிப்பா பஸ்ஸா என்று ஒரே மூச்சில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை நீங்கியது. சமீப ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த நல்ல மாற்றங்களில் இதை முதலில் வைப்பேன்.

டிராஃப்ட் என்பது என்ன?

என்.எச்.எல்.லின் 32 அணிகள் முறை வைத்து இளம் வீரர்களின் உரிமையைப் பெறும் ஆண்டுத் தேர்வு. ஏழு சுற்றுகள், மொத்தம் 224 பெயர்கள். மோசமாக ஆடிய அணிகள் முன்னால் தேர்ந்தெடுக்கும். முதல் இடங்கள் குலுக்கலில் முடிவாகும்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. டிராஃப்டில் பெயர் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. "இவரோடு நாங்கள் மட்டுமே பேசலாம்" என்ற உரிமை அணிக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் தருவதும் தராததும் அணியின் விருப்பம். ஒரு நாள்கூட என்.எச்.எல். பனித்தளத்தில் கால் வைக்காமல் போனவர்கள் ஒவ்வொரு ஆண்டின் பட்டியலிலும் ஏராளம்.

பிறந்த மாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. இளையோர் அணிகளில் வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் சிறு வயதில் சற்றே பெரிய உடலோடு இருக்கிறார்கள். நல்ல அணியும் நல்ல பயிற்சியாளரும் அவர்களுக்கே அமைகிறார்கள். நவம்பரில் பிறந்த பிள்ளை பின்தங்கினால் அதைத் திறமைக் குறைவு என்று முத்திரை குத்திவிடுகிறோம். அது அநியாயம்.

டிராஃப்டில் யாரும் எடுக்காவிட்டால் கதை முடிந்ததா?

இல்லை. என்னிடம் இதைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே கல்லூரி அணியில் ஆடிய இருவரைப் பற்றிச் சொல்வேன்.

1990களின் நடுவில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக அணியில் மார்ட்டின் சான் லூயி முன்கள வீரர். டிம் தாமஸ் கோல்கீப்பர். சான் லூயியின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பெரிய உடல்களைத் தேடிய காலம் அது. எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. பிறகு கால்கரி அணி ஒப்பந்தம் தந்தது, 2000இல் கைவிட்டது. டாம்பா பே அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2004இல் அதே மனிதர் லீகிலேயே அதிகப் புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து) எடுத்தார், மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார், ஸ்டான்லி கோப்பையையும் வென்றார்.

தாமஸின் பாதை இன்னும் நீளமானது. 1994 டிராஃப்டில் 217ஆவது பெயர். அதன் பின் மைனர் லீக் (என்.எச்.எல்.லுக்குக் கீழ்ப்பட்ட லீகுகள்), பின்லாந்து, சுவீடன், மறுபடி மைனர் லீக் என்று சுற்றினார். முதல் என்.எச்.எல். ஆட்டம் 28 வயதில். நிலையான இடம் 31 வயதில். 2011இல், 37 வயதில், பாஸ்டன் அணிக்குக் கோப்பையை வென்றுகொடுத்து, அந்தத் தொடரின் சிறந்த வீரராகவும் ஆனார். இறுதிக்கு முந்தைய சுற்றில் அவர் எதிர்கொண்டது டாம்பா பே அணியை, அதாவது தம் பழைய கல்லூரித் தோழர் சான் லூயியை. ஏழாவது ஆட்டம் வரை போன அந்தத் தொடரைக் கடைசியில் ஒரே ஒரு கோல்தான் தீர்த்துவைத்தது.

ஹென்ரிக் செட்டர்பெர்க் 210ஆவது, பாவெல் டாட்சுக் 171ஆவது, ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 205ஆவது பெயராகத் தேர்வானவர்கள். ஆனால் இவர்களைக் காட்டி "எல்லோராலும் முடியும்" என்று சொல்ல மாட்டேன். முடியாமல் போனவர்கள் பல மடங்கு அதிகம். 18 வயதில் போடப்பட்ட மதிப்பெண் இறுதியானதல்ல என்பதற்கு மட்டும் இவர்கள் சாட்சி.

சம்பளம் எவ்வளவு?

எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. என்.எச்.எல்.லில் 2025-26 சீசனுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 7 லட்சத்து 75 ஆயிரம் டாலர். கனடா அணிகளும் அமெரிக்க டாலரில்தான் கொடுக்கின்றன. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு அதே சீசனில் 9 கோடியே 55 லட்சம் டாலர். தனி ஒருவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தர முடியாது. இந்த வரம்பு 2004-05இல் பிறந்தது. முதலாளிகளும் வீரர்களும் உடன்படாததால் அந்த சீசன் முழுவதும் ரத்தானது, அதன் விலையாக வந்த ஏற்பாடு இது.

முதல் ஒப்பந்தத்துக்குத் தனி விதி. 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டுகள், 22, 23 வயதில் இரண்டு, 24இல் ஒன்று. சம்பளத்துக்கும் மேல் வரம்பு உண்டு. இதைவிட முக்கியம், அந்த ஒப்பந்தம் இருவழி ஒப்பந்தம் என்பது. மேல் லீகில் இருக்கும் நாள்களுக்கு ஒரு கணக்கு. கீழ் லீகுக்கு அனுப்பப்பட்ட நாள்களுக்கு வேறு கணக்கு, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒரே மாதத்தில் இரண்டு விதமாகவும் சம்பளம் வாங்கிய இளைஞர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள்.

செய்தித்தாளில் வரும் தொகை கைக்கு வரும் தொகை அல்ல. வருமான வரி, முகவரின் பங்கு ஆகியவற்றோடு எஸ்க்ரோ என்ற பிடித்தமும் உண்டு. லீகின் வருமானத்தை முதலாளிகளும் வீரர்களும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கணக்கு முடியும் வரை சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பார்கள்.

கீழே அனுப்பப்படுவது என்றால் என்ன? அது அவமானமா?

என்.எச்.எல்.லுக்கு அடுத்த படி ஏ.எச்.எல். எனப்படும் அமெரிக்க ஹாக்கி லீக். அதிலும் 32 அணிகள், ஒவ்வொன்றும் மேலே ஒரு அணியோடு இணைந்தது. அணிக்கு 72 ஆட்டங்கள். அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். அங்கே சம்பளம் வாரக் கணக்கு. தங்குமிடத்தை அணியே தரும்.

சீசனின் எந்த நாளிலும் பயிற்சியாளர் அறைக்கு அழைத்து "நாளை நீ கீழ் அணியில்" என்று சொல்லலாம். ஓரளவு அனுபவம் பெற்றவரானால் முதலில் வேவர்ஸ் பட்டியலில் பெயர் போகும். 24 மணி நேரத்துக்குள் மற்ற அணிகளில் ஏதாவது ஒன்று கேட்டால் அந்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். எவரும் கேட்காவிட்டால் கீழே போக வேண்டும். "யாருக்கும் நான் வேண்டாம்" என்பது நாடறிந்த செய்தியாகிவிடும் அந்த ஒரு நாளை வீட்டில் உட்கார்ந்து கடத்துவது எவ்வளவு கொடியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் அவமானம் இல்லை. இன்று என்.எச்.எல்.லில் ஆடுபவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஏ.எச்.எல். வழியாக வந்தவர்கள். 19 வயதுக்காரர் மேலே நான்காவது வரிசையில் (மாறி மாறி இறங்கும் முன்கள வீரர் குழுக்களில் கடைசி) உட்கார்ந்து இரவுக்கு ஏழு நிமிடம் ஆடுவதைவிட, கீழே இருபது நிமிடம் ஆடுவது அவர் கைகளுக்கும் கால்களுக்கும் நல்லது. அவசரப்பட்டு மேலே தூக்கி வைத்து வீணாக்கப்பட்டவர்கள் பலர்.

ஒரு சீசன் எப்படி நகர்கிறது?

செப்டம்பரில் முகாம், அக்டோபர் முதல் ஏப்ரல் நடு வரை 82 ஆட்டங்கள், சரிபாதி வெளியூரில். 2026-27 முதல் இது 84 ஆகிறது. தகுதி பெறும் 16 அணிகளுக்கு அதன் பிறகு நான்கு சுற்று நாக் அவுட். சுற்றுக்கு நான்கு வெற்றி என்று கோப்பைக்கு 16 வெற்றிகள் வேண்டும். ஜூன் வரை போகும்.

ஆட்ட நாளில் காலையில் லேசான சறுக்கல் பயிற்சி, பகல் உணவு, ஒரு தூக்கம், மாலையில் அரங்கம். ஒருவர் தொடர்ந்து பனித்தளத்தில் இருப்பது சுமார் 45 வினாடிகள் மட்டுமே. அதை ஷிஃப்ட் என்பார்கள். முழு வேகத்தில் ஓடி, மோதி, மூச்சு இரைக்கப் பெஞ்சுக்குத் திரும்ப, ஆட்டம் நிற்காமலே அடுத்தவர் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார். 45 வினாடிகளில் வெளியே வராமல் ஒரு நிமிடத்தைத் தாண்டி நிற்பவரைச் சக வீரர்களுக்கே பிடிக்காது. களைத்த கால் தவறு செய்யும், தவறு கோலாகும்.

கோல்கீப்பரின் தொழில் வேறுபட்டதா?

முற்றிலும். ஓர் அணிக்கு இரண்டு பேர் என்றால், லீக் முழுவதற்கும் 64 இடங்கள்தான். முதலாமவர் நன்றாக ஆடினால் இரண்டாமவர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். கோல்கீப்பர்கள் தாமதமாகவே பழுக்கிறார்கள் என்பதும் உண்மை. 1983இல் 199ஆவது பெயராகத் தேர்வான டொமினிக் ஹாஷெக் என்.எச்.எல்.லுக்கு வந்ததே 1990இல். 1997, 1998 இரு ஆண்டுகளும் ஹார்ட் விருது அவருக்கு.

இரு கோல்கீப்பர்களும் அடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை 2020 பிப்ரவரி 22 அன்று டொராண்டோவில் கிடைத்தது. பனித்தளத்தைச் சமன் செய்யும் இயந்திரத்தை ஓட்டும் வேலை பார்த்த, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 42 வயது டேவிட் ஏயர்ஸ் கரோலினா அணிக்காகக் களமிறங்கினார். பத்து ஷாட்டுகளில் எட்டைத் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது. அந்த இரவை நினைத்தால் இன்னும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஐரோப்பாவில் ஆடுவது இரண்டாம் தரமா?

இந்தக் கேள்வியே தவறு என்று நினைக்கிறேன். சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, செக் நாடு ஆகியவற்றில் நெடிய பாரம்பரியம் கொண்ட லீகுகள் இருக்கின்றன; ரஷ்யாவை மையமாகக் கொண்ட கே.எச்.எல். 2008 முதல் நடக்கிறது. ஆட்டங்கள் குறைவு: சுவீடனிலும் சுவிட்சர்லாந்திலும் வழக்கமான சீசன் 52 ஆட்டங்கள். சுவிட்சர்லாந்தில் தூரம் சிறியது. வெளியூர் ஆட்டம் முடிந்த இரவே வீட்டுக்குத் திரும்பலாம். குழந்தை பிறந்த பிறகு பல வீரர்கள் இதைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஆஸ்டன் மேத்யூஸ் டிராஃப்டுக்கு முந்தைய ஆண்டை சூரிச் அணியில் ஆடிக் கழித்தார்; 2016இல் முதல் பெயராகத் தேர்வானார்.

அணிக்கும் அங்கே ஓர் ஆபத்து உண்டு. சுவீடனில் கடைசி இடங்களில் வரும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க நேரலாம். வட அமெரிக்காவில் எவ்வளவு தோற்றாலும் அணி அதே லீகில் இருக்கும், வீரர்தான் இறங்குவார்.

எவ்வளவு ஆபத்தான தொழில்?

பக் எனப்படும் தட்டு கெட்டியான ரப்பர், எடை சுமார் 170 கிராம், உறைய வைத்துத்தான் ஆடுவார்கள். ஸ்டெனோ சாரா 2012இல் ஒரு திறன் போட்டியில் அதை மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தார். காலில் கத்தி போன்ற விளிம்பு, கையில் மட்டை, சுற்றிலும் தடுப்புச் சுவர்.

பாதுகாப்பு எப்போதும் ரத்தத்துக்குப் பிறகே வந்தது என்பதுதான் என் ஆதங்கம். 1959 நவம்பர் 1 அன்று முகம் கிழிந்த ஜாக் பிளான்ட், முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று நின்றார். கோல்கீப்பர் முகமூடி அதன் பிறகே வழக்கமானது. 1968 ஜனவரியில் பில் மாஸ்டர்டன் தலை பனியில் மோதி இறந்தார். புதிய வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது 1979இல். பதினோரு ஆண்டுகள்! 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் கழுத்தில் ஸ்கேட் விளிம்பு பட்டு இறந்த பிறகுதான் கழுத்துக் காப்பு பற்றி உலகம் அக்கறையோடு பேசத் தொடங்கியது. 2026-27 முதல் என்.எச்.எல்.லுக்குப் புதிதாக வருபவர்களுக்கு அது கட்டாயம்.

வெளியே தெரியாத காயம் தலைக்குள் ஏற்படும் மூளை அதிர்ச்சி. சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரியில் அடுத்தடுத்து தலையில் அடி வாங்கியபோது உலகின் சிறந்த வீரர் அவர்தான். ஏறத்தாழ பத்து மாதங்கள் கழித்துத் திரும்பினார். சில வாரங்களில் அறிகுறிகள் மறுபடி வந்து மீண்டும் வெளியேறினார். அவர் தேறி, 2016, 2017இல் கோப்பைகள் வென்றார். தேறாமலே தொழிலை விட்டவர்கள் பலர். "கொஞ்சம் தலைசுற்றல்தான், ஆடுகிறேன்" என்று சொல்லும் இளைஞரை வீரன் என்று புகழும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

கண் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியத் தந்தைக்குப் பிறந்த கனடா வீரர் மானி மல்ஹோத்ரா 2011 மார்ச்சில் பக் பட்டு இடக் கண்ணில் கடும் காயமடைந்தார். முகம் முழுவதும் மறைக்கும் காப்போடு அதே ஆண்டு கோப்பை இறுதித் தொடரில் ஆடினார். பின்னர் பயிற்சியாளராகி, 2025இல் அபட்ஸ்ஃபோர்ட் அணிக்கு ஏ.எச்.எல்.லின் கால்டர் கோப்பையை வென்று தந்தார்.

சண்டை போடுவது தொழிலின் பகுதியா?

முன்பு அதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். இன்று அந்த வேலை அநேகமாக மறைந்துவிட்டது. சண்டைக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும் என்ற தண்டனை இன்னும் இருக்கிறது. அடிவாங்கிப் பிழைத்தவர்களில் பலர் பின்னாளில் பட்ட துன்பத்தை அறிந்தவன் என்ற முறையில், அந்த வேலை மறைவதை நான் வரவேற்கிறேன்.

வீரர் தாம் விரும்பும் ஊரில் இருக்க முடியுமா?

தொடக்கத்தில் முடியாது. பொதுவாக 27 வயது, அல்லது ஏழு முழு சீசன்கள் ஆன பிறகே எந்த அணியோடும் பேசும் சுதந்திரம் கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் தடை விதி எழுதி வாங்காதவரை எந்த நாளும் வேறு அணிக்கு மாற்றப்படலாம். 1988 ஆகஸ்ட் 9 அன்று கிரெட்ஸ்கியே எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றப்பட்டார். அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று கனடா நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. அவருக்கே அந்த நிலை என்றால் மூன்றாம் வரிசை வீரரின் மனைவி பள்ளிச் சேர்க்கைக்கு எந்த ஊரில் விண்ணப்பிப்பது?

பெண்கள் இதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

இப்போது முடியும், மிகத் தாமதமாக. ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி 1998இல் நாகானோவில் தொடங்கியது. அதன் பின்னும் உலகின் சிறந்த வீராங்கனைகள் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். கனடாவில் நடந்த பெண்கள் லீக் 2019இல் மூடப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று ஆறு அணிகளோடு பி.டபிள்யூ.எச்.எல். தொடங்கியது, முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். ஆண்களின் தொகையோடு ஒப்பிட்டால் மனம் வலிக்கிறது. ஆனால் அரங்குகள் நிரம்பின. முதல் இரண்டு கோப்பைகளை மினசோட்டா வென்றது. 2025இல் வான்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டு அணிகளாயின.

எத்தனை வயது வரை ஆடலாம்? பிறகு என்ன?

பெரும்பாலோருக்கு முப்பதுகளின் நடுவோடு முடிந்துவிடும். பலருக்கு அதற்கும் முன்பே. விதிவிலக்குகளில் தலையானவர் கார்டி ஹோவ். 1971இல் ஓய்வு பெற்றார். பிறகு தம் இரு மகன்களோடு ஒரே அணியில் ஆடத் திரும்பி வந்தார். 1979-80இல், 52 வயதை எட்டிய சீசனில், 80 ஆட்டங்களும் ஆடி 15 கோல்கள் அடித்தார்.

பிறகு வரும் வாழ்க்கைக்கு ஆடும்போதே அடித்தளம் போட்டவர்களை நான் மிக மதிக்கிறேன். மான்ட்ரியால் கோல்கீப்பர் கென் ட்ரைடன் ஆடிக்கொண்டே சட்டம் படித்தார். 1973-74 சீசனை முழுவதுமாக விட்டுவிட்டுச் சட்ட நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். பின்னாளில் கனடாவின் அமைச்சரானார். ஹேலி விக்கன்ஹைசர் நான்கு ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகு மருத்துவரானார். பயிற்சி, திறமை தேடல், வர்ணனை ஆகியவற்றில் போகிறவர்கள் உண்டு. ஆனால் 16 வயதில் பள்ளியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவர் 29இல் வெளியேறும்போது கையில் எதுவும் இருக்காது. இளையோர் லீக் அணிகள் ஆடிய சீசன்களுக்கு ஏற்பப் படிப்புச் செலவை ஏற்கின்றன. அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

ஸ்டான்லி கோப்பையில் பெயர் பொறிப்பது எப்படி?

1892இல் கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு கொடுத்த கோப்பை அது. வென்ற அணிக்காக வழக்கமான சீசனில் பாதி ஆட்டங்களாவது, அல்லது இறுதித் தொடரில் ஓர் ஆட்டமாவது ஆடியவரின் பெயர் பொறிக்கப்படும். ஒவ்வொரு வீரருக்கும் அந்தக் கோடையில் ஒரு நாள் கோப்பை சொந்தம். பிறந்த ஊருக்குக் கொண்டுபோகலாம்.

பாஸ்டனின் ரே போர்க் இருபது சீசன்களுக்கு மேல் ஒரே அணியில் ஆடி, கோப்பை கிடைக்காமல், 2000 மார்ச்சில் கொலராடோவுக்கு மாற்றப்பட்டார். 2001 ஜூன் 9 அன்று, தம் கடைசி ஆட்டத்தில், 40 வயதில், வென்றார். கோப்பையை வாங்கிய அணித்தலைவர் ஜோ சாகிக், முதலில் தாம் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, நேராகப் போர்க்கின் கையில் கொடுத்தார். வழக்கமான சீசனில் 1,612 ஆட்டங்கள் ஆடியிருந்த போர்க் அதைத் தலைக்கு மேல் தூக்கினார். சில நாள்களில், தம்மை மாற்றி அனுப்பிய பாஸ்டனுக்கே அதைக் கொண்டுபோனார். தங்கள் அணி வெல்லாத அந்தக் கோப்பையைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது.